ஸ்கேனர் மக்கர் செய்தால்: வீட்டுச் சேகரிப்புக்கு அட்டவணை போடுகிறவர்கள் செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

மதுரையில் பழைய வீட்டைக் காலி செய்யும்போது பரணிலிருந்து பித்தளைப் பாத்திரம் மட்டும் இறங்குவதில்லை. புதுமண்டபத்துக் கடைகளில் வாங்கிய பெரிய எழுத்துப் புத்தகங்கள் இறங்கும். வார இதழ்களிலிருந்து பிரித்தெடுத்துப் பைண்டு செய்த தொடர்கதைகள் இறங்கும். பிடித்த பாட்டுகளைத் தாளில் எழுதிக் கொடுத்து ரெக்கார்டிங் கடையில் பதிந்து வாங்கிய கேசட்டுகள், விசிடி, டிவிடி, தமுக்கத்துப் புத்தகத் திருவிழாவில் ஆண்டுதோறும் சேர்ந்த நூல்கள் என்று கூடமே நிறைந்துவிடும். எது இருக்கிறது, எது இரண்டு படி இருக்கிறது, எதை யார் இரவல் வாங்கிப் போனார்கள் என்று தெரிய ஓர் அட்டவணை வேண்டும்.

எங்கள் வீட்டுச் சேகரிப்புக்கு அட்டவணை போடத் தொடங்கியபோது கையில் பிடிக்கும் பார்கோடு ஸ்கேனர் ஒன்றை வாங்கினேன். பத்துப் புத்தகத்தைக் காட்டினால் ஏழைப் படிக்கும், மூன்றுக்கு மூச்சே விடாது. சில நேரம் பீப் சத்தம் கேட்கும், திரையில் எண் வராது. சில நேரம் எண் வரும், வேறு புத்தகத்தின் பெயர் வந்து நிற்கும். ஸ்கேனரை மாற்றிவிடுவது என்றே முடிவு செய்திருந்தேன். ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது: கோளாறு ஐந்து இடங்களில் இருந்தது, அதில் ஒன்றுதான் ஸ்கேனருக்குள் இருந்தது. அந்த வேலையில் தேறிய பட்டியல் இது.

1. கோளாறு எங்கே என்று முதலில் கண்டுபிடியுங்கள்

ஒரு ஸ்கேன் முடிவதற்கு மூன்று வேலைகள் நடக்க வேண்டும். ஸ்கேனரின் கண் கோடுகளைப் படிக்க வேண்டும். படித்த எண் ஒயர் வழியாகவோ ப்ளூடூத் வழியாகவோ கணினிக்குப் போய்ச் சேர வேண்டும். அங்குள்ள மென்பொருள் அந்த எண்ணுக்குரிய தலைப்பைத் தேடி எடுக்க வேண்டும். கண், வழி, தரவுத்தளம் ஆகிய மூன்றில் எது தவறினாலும் நம் வாயில் வருவது ‘ஸ்கேனர் சரியில்லை’ என்பதுதான்.

செய்ய வேண்டியவை

- அட்டவணை மென்பொருளை மூடிவிட்டு நோட்பேடைத் திறந்து அதில் ஸ்கேன் செய்யுங்கள். கணினியைப் பொறுத்தவரை சாதாரண யூஎஸ்பி ஸ்கேனர் இன்னொரு கீபோர்டுதான். படித்த எண்ணைத் தட்டச்சு செய்வதுபோல் அனுப்பும். ஆகவே நோட்பேடில் எண் விழ வேண்டும்.
- அச்சு தெளிவாக உள்ள பிஸ்கட் பாக்கெட்டையோ சோப்பு அட்டையையோ சோதனைப் பொருளாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதை 20 முறை ஸ்கேன் செய்யுங்கள். இருபதும் சரியாக வந்தால் ஸ்கேனரின் கண் நலமாக இருக்கிறது. படிக்காத புத்தகத்தின் அட்டையைத்தான் இனி ஆராய வேண்டும்.
- விடையை இப்படிப் பிரியுங்கள். பீப் சத்தமே இல்லை என்றால் கண்ணில் கோளாறு. பீப் கேட்டும் எண் வரவில்லை, அல்லது குறையாக வருகிறது என்றால் வழியில் கோளாறு. நோட்பேடில் எண் சரி, ஆனால் மென்பொருளில் தலைப்பு இல்லை என்றால் தரவுத்தளத்தில் குறை.
- படிக்காத பொருள்களைத் தனியே அடுக்கி, அவற்றுக்குள் என்ன ஒற்றுமை என்று பாருங்கள். எல்லாம் பளபளக்கும் அட்டையா, எல்லாம் ஒரே பதிப்பகமா, எல்லாம் பகல் 11 மணிக்கு மேல் தவறியவையா? விடை பெரும்பாலும் அந்த அடுக்கிலேயே இருக்கும்.

செய்யக்கூடாதவை

- ஒயரையும் மாற்றி, செட்டிங்கையும் மாற்றி, மென்பொருளையும் மாற்றிப் பார்க்கக் கூடாது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இல்லையென்றால் எது சரிசெய்தது என்று தெரியாமலே போகும், அதே கோளாறு அடுத்த வாரம் திரும்பி வரும்.
- ஸ்கேனரைத் திருப்புளியால் திறக்கக் கூடாது. லேசர் வகையில் ஒளியை இடவலமாக வீசும் சிறு கண்ணாடி ஒன்று இருக்கிறது. அது இம்மி விலகினாலும் மீண்டும் பொருத்துவது வீட்டில் நடக்கிற காரியமில்லை.

2. கோடுகளின் கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள்

புத்தகத்திலும் சிடியிலும் நாம் பார்க்கும் 13 இலக்கப் பார்கோடு 95 சம அகலக் கட்டங்களால் ஆனது. அந்தக் கட்டங்கள் சேர்ந்து உண்டாகி, மாறி மாறி வரும் கறுப்பு, வெள்ளைக் கோடுகளின் அகலத்தைத்தான் ஸ்கேனர் அளக்கிறது. அடிப்படை அளவில் ஒரு கட்டத்தின் அகலம் 0.33 மில்லிமீட்டர். கோடுகளுக்கு இடப்பக்கம் 11 கட்ட அகலமும் வலப்பக்கம் 7 கட்ட அகலமும் வெற்றிடம் விட்டிருக்க வேண்டும். அந்த வெற்றிடம்தான் ‘இங்கே தொடங்குகிறது, இங்கே முடிகிறது’ என்று ஸ்கேனருக்குச் சொல்கிறது.

கடைசி இலக்கம் சரிபார்ப்பு எண். 8901234567890 என்ற மாதிரி எண்ணில் போட்டுப் பாருங்கள். முதல் 12 இலக்கங்களில் ஒற்றைப்படை இடங்களில் உள்ளவற்றின் கூட்டல்: 8, 0, 2, 4, 6, 8 சேர்ந்து 28. இரட்டைப்படை இடங்களில் உள்ளவை: 9, 1, 3, 5, 7, 9 சேர்ந்து 34. இதை 3-ஆல் பெருக்கினால் 102. இரண்டும் சேர்ந்து 130. அடுத்த பத்தின் மடங்கை எட்ட எவ்வளவு வேண்டுமோ அதுவே கடைசி இலக்கம். 130 ஏற்கெனவே பத்தின் மடங்கு என்பதால் இங்கே அது 0. ஸ்கேனர் ஒவ்வொரு முறையும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் பீப் ஒலிக்கிறது.

செய்ய வேண்டியவை

- முதல் மூன்று இலக்கத்தைப் பாருங்கள். 978 அல்லது 979 என்றால் புத்தகம். 977 என்றால் பருவ இதழ். 890 என்றால் அந்த எண் இந்தியாவில் பதிவு பெற்றது. இலங்கையிலிருந்து வந்த பொருளில் 479 இருக்கும்.
- படிக்காத பார்கோடின் கீழே அச்சிட்ட எண்ணைக் கையால் அடியுங்கள். அடித்த பிறகு இந்தக் கணக்கைப் போட்டுச் சரிபாருங்கள். பல மென்பொருள்கள் இதைத் தாமே செய்யும்.

செய்யக்கூடாதவை

- கணக்கு சரியாக வந்துவிட்டது என்று கையால் அடித்த எண்ணை முழுதும் நம்பிவிடக் கூடாது. ஓர் இலக்கம் மட்டும் மாறினால் கணக்கு காட்டிக்கொடுக்கும். ஆனால் 16 என்பதை 61 என்று மாற்றி அடித்தால் காட்டிக்கொடுக்காது. அடுத்தடுத்த இரு இலக்கங்களுக்கு 5 வித்தியாசம் இருந்தால் இடம் மாறினாலும் கூட்டல் பத்தின் மடங்கிலேயே வேறுபடும்.
- 890 இருப்பதால் இந்தியாவில் தயாரானது என்று அட்டவணையில் எழுதக் கூடாது. அது எண் எங்கே பதிவானது என்பதை மட்டும் சொல்கிறது.

3. வெளிச்சம், கோணம், தூரம்

எனக்கு நேர்ந்த முதல் கோளாறு வெயில். காற்றோட்டத்துக்காகத் திண்ணையில் உட்கார்ந்து வேலை பார்த்தேன். காலையில் நன்றாகப் படித்த ஸ்கேனர் வெயில் ஏற ஏறத் திணறியது. மதுரை வெயிலின் வெளிச்சத்துக்கு முன்னால் ஸ்கேனரின் சிவப்பு ஒளி ஒன்றுமே இல்லை. கோடுகளில் பட்டுத் திரும்பும் மெல்லிய ஒளியை அது பிரித்தறிய முடியாமல் போகிறது. மேசையைக் கூடத்துக்கு மாற்றியதும் சரியாயிற்று.

செய்ய வேண்டியவை

- நேர் வெயில் படாத இடத்தில், ஒரே சீரான வெளிச்சத்தில் உட்காருங்கள்.
- ஸ்கேனரைச் செங்குத்தாகப் பிடிக்காமல் 10 முதல் 15 டிகிரி சாய்த்துப் பிடியுங்கள். லேமினேட் செய்த அட்டையும் சிடி பெட்டியின் பிளாஸ்டிக்கும் கண்ணாடி மாதிரி ஒளியை நேராகத் திருப்பி அடிக்கும். சற்றே சாய்த்தால் அந்தக் கூசல் விலகும்.
- தூரத்தை மாற்றிப் பாருங்கள். சிசிடி வகை ஸ்கேனர்கள் பல, சில சென்டிமீட்டர் நெருக்கத்தில்தான் படிக்கும். லேசர் வகைக்குக் கொஞ்சம் தூரம் வேண்டும். ஒளிக்கோடு பார்கோடின் இரு ஓரங்களையும் தாண்டி விழ வேண்டும்.
- ஸ்கேனரின் முகப்புக் கண்ணாடியை மைக்ரோஃபைபர் துணியால் தினமும் துடையுங்கள். சித்திரை, வைகாசிப் புழுதியும் ஆடிக் காற்றும் வீட்டுக்குள் கொண்டுவரும் தூசு, அட்டவணைக்காகத் தட்டுகிற பழைய புத்தகத்தின் தூசு, இரண்டும் அதன்மேல்தான் படியும்.
- செல்போன் கேமராவில் ஸ்கேன் செய்கிறவர்கள் லென்ஸைத் துடைத்துவிட்டு, போனை ஒட்டிப் பிடிக்காமல் ஒரு சாண் தள்ளிப் பிடியுங்கள். பெரும்பாலான போன் கேமராக்கள் மிக அருகில் உள்ளதைத் தெளிவாகப் பிடிப்பதில்லை.

செய்யக்கூடாதவை

- முகப்பைத் தின்னர், பெட்ரோல், நகப்பூச்சு நீக்கி கொண்டு துடைக்கக் கூடாது. பிளாஸ்டிக் மங்கிப்போகும். மங்கிய கண்ணுக்கு மருந்தில்லை.
- படிக்கவில்லை என்று ஸ்கேனரை மேசையில் தட்டக் கூடாது.
- லேசர் ஒளியைக் குழந்தைகள் முகத்துக்கு நேரே காட்டக் கூடாது. ஸ்கேனர் விளையாட்டுச் சாமான் இல்லை என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.
- செல்போன் திரையில் தெரியும் பார்கோடை லேசர் ஸ்கேனரால் படிக்க முயன்று நேரத்தை வீணாக்கக் கூடாது. அதற்குப் படம் பிடித்துப் படிக்கும் இமேஜர் வகைதான் வேண்டும்.

4. அட்டையும் அச்சும்

செய்ய வேண்டியவை

- பார்கோடின் மேல் ஒட்டிய விலை ஸ்டிக்கரை அகற்றுங்கள். தலைமுடி உலர்த்தும் கருவியால் லேசாகச் சூடுகாட்டி ஓரத்திலிருந்து மெதுவாக உரித்தால் அட்டை கிழியாது. கடைக்காரர் ஒட்டிய ஸ்டிக்கரில் வேறொரு பார்கோடு இருந்தால் அது அந்தக் கடையின் கணக்குக்கு உரியது, நூலின் எண் அதன் அடியில் இருக்கும்.
- கோடுகளின் நிறத்தைக் கவனியுங்கள். சிவப்பு ஒளிக்குச் சிவப்பும் ஆரஞ்சும் வெள்ளையாகத் தெரியும். அந்த நிறங்களில் கோடு அச்சிட்டிருந்தால் எத்தனை முறை காட்டினாலும் பயனில்லை. வெள்ளித்தாளின் மேல் அச்சிட்ட கோடுகளும் இதே தொல்லை தரும். எண்ணைக் கையால் அடித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.
- பழைய புத்தகக் கடையில் வாங்கிய அமெரிக்கக் கையடக்க நாவல்களுக்கு முன்னட்டையின் உட்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். 1980, 90களின் பல நாவல்களில் பின்னட்டைப் பார்கோடு கடைக் கல்லாவுக்கானது, நூலுக்கான 978 எண் உள்ளட்டையில் இருக்கும்.
- பழுப்புத்தாள் அட்டை போட்ட புத்தகமாக இருந்தால் உள்பக்கத்தில் பதிப்பு விவரம் அச்சிட்ட பக்கத்தைத் திறந்து எண்ணைப் பாருங்கள். அட்டையைக் கழற்ற வேண்டியதில்லை.

செய்யக்கூடாதவை

- அழிந்த கோட்டைப் பேனாவால் வரைந்து நிரப்பக் கூடாது. கோட்டின் அகலத்தில்தான் எண் இருக்கிறது. கைவரைவு அந்த அகலத்தைக் கெடுக்கும், புத்தகமும் பாழாகும்.
- பார்கோடின் மேல் செல்லோ டேப் ஒட்டக் கூடாது. இன்று கூசும், சில ஆண்டில் மஞ்சளாகும், பசை அட்டையை அரிக்கும்.
- சிடி பெட்டியின் உள்தட்டைப் பிடுங்கிப் பின்னட்டையை வெளியே எடுக்கக் கூடாது. தட்டின் பற்கள் ஒடிந்தால் சிடி உள்ளே ஆடித் தேய்ந்துபோகும்.

5. ஒயரும் மின்சாரமும்

ஸ்கேனருக்குள் இருந்த அந்த ஒரு கோளாறு இதுதான். கைப்பிடிக்குக் கீழே ஒயர் நுழையும் கழுத்தில் உள்கம்பி அறுந்திருந்தது. ஒரு கோணத்தில் பிடித்தால் வேலை செய்யும், கையைத் திருப்பினால் அணைந்துபோகும். புது ஒயர் மாற்றியதும் அதே ஸ்கேனர் நன்றாக வேலை செய்தது.

செய்ய வேண்டியவை

- ஸ்கேன் செய்துகொண்டே ஒயரின் கழுத்தை லேசாக அசைத்துப் பாருங்கள். விளக்கு மினுக்கினால் ஒயர்தான் காரணம். பல ஸ்கேனர்களில் ஒயரைத் தனியாகக் கழற்றி மாற்ற முடியும். டவுன்ஹால் ரோட்டிலோ மீனாட்சி பஜாரிலோ கேட்கப் போகும்போது பழைய ஒயரைக் கையோடு கொண்டுபோங்கள். பின் அமைப்பு ஒரே மாதிரி இருந்தும் உள் இணைப்பு மாறியிருக்கலாம் என்பதால் ஸ்கேனரையும் எடுத்துச் சென்று கடையிலேயே போட்டுப் பாருங்கள்.
- கணினியின் யூஎஸ்பி துளையில் நேரடியாகச் செருகுங்கள். தனி மின்சாரம் இல்லாத ஹப்பில் பென் டிரைவ், மவுஸ், ஸ்கேனர் மூன்றையும் மாட்டினால் ஒன்று பட்டினி கிடக்கும்.
- சிறிது நேரம் சும்மா இருந்த பிறகு முதல் ஸ்கேன் மட்டும் தவறுகிறது என்றால் லேப்டாப்பின் பவர் செட்டிங்கைப் பாருங்கள். பேட்டரியை மிச்சப்படுத்த அது யூஎஸ்பி துளையைத் தூங்கவைத்திருக்கும். அந்த வசதியை நிறுத்திவிடலாம்.
- மின்வாரியத்தின் மாதாந்தரப் பராமரிப்பு நாளை முன்கூட்டிப் பார்த்துவைத்து, அன்றைக்கு ஸ்கேன் வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள். தூசு தட்டலாம், அடுக்கலாம்.
- ஒவ்வொரு 50 பதிவுக்கும் ஒருமுறை கோப்பைச் சேமியுங்கள்.

செய்யக்கூடாதவை

- ஸ்கேனரின் உடம்பில் ஒயரைச் சுற்றி வைக்கக் கூடாது. கழுத்து முறிவது அப்படித்தான்.
- ப்ளூடூத் ஸ்கேனரை வெயில் விழும் ஜன்னல் ஓரத்திலோ கார் டேஷ்போர்டிலோ போட்டுவைக்கக் கூடாது. சூடு பேட்டரியின் ஆயுளைக் குறைக்கும்.

6. செட்டிங்

ஸ்கேனருடன் வரும் சிறு புத்தகத்தில் உள்ள பார்கோடுகள்தான் அதற்குக் கட்டளை. ஒன்றைப் படித்தால் சத்தம் நிற்கும், இன்னொன்றைப் படித்தால் 13 இலக்க எண்ணையே படிக்காமல் விடும். குழந்தைகள் அந்தப் புத்தகத்தை ஸ்கேன் செய்து பார்த்த வீடுகளில் ‘நேற்றுவரை நன்றாக இருந்தது’ என்ற புகார் எழுவது இதனால்தான்.

செய்ய வேண்டியவை

- தொழிற்சாலை நிலைக்குத் திருப்பும் பார்கோடைக் கண்டுபிடித்து அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். காரணம் புரியாத கோளாறுக்கு முதல் வைத்தியம் அதுதான்.
- கட்டளைப் பார்கோடை ஸ்கேன் செய்யும்போது பக்கத்தில் உள்ளவற்றை வெள்ளைத்தாளால் மூடிக்கொள்ளுங்கள்.
- எண்ணுக்குப் பிறகு என்டர் அனுப்பும் கட்டளையைப் போட்டுக்கொள்ளுங்கள். அது இல்லாவிட்டால் இரண்டு புத்தகத்தின் எண்கள் ஒட்டி 26 இலக்கமாக வந்து விழும்.
- நடுவில் ஓரிரு இலக்கம் விழுங்கப்பட்டு வந்தால், எழுத்துக்கு எழுத்து இடைவெளி விடும் கட்டளையைத் தேடுங்கள். பழைய கணினிக்கு ஸ்கேனரின் வேகம் தாங்குவதில்லை.
- கணினியில் தமிழ் கீபோர்டு ஓடிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். ஆங்கில எழுத்து கலந்த லேபிளை ஸ்கேன் செய்தால் அந்த எழுத்துகள் தமிழாக மாறி விழும். ஸ்கேன் செய்யும் நேரத்தில் ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

செய்யக்கூடாதவை

- வேறு நிறுவன ஸ்கேனரின் கட்டளைப் பார்கோடைப் பயன்படுத்தக் கூடாது.
- தேவைப்படாத பார்கோடு வகைகளை எல்லாம் ‘இருக்கட்டுமே’ என்று திறந்துவைக்கக் கூடாது. வகை கூடக்கூடத் தவறாகப் படிக்கும் வாய்ப்பும் கூடும்.
- இதழ்களுக்கு ஸ்கேன் செய்யும்போது பக்கத்தில் உள்ள 2 இலக்கச் சிறு பார்கோடை விட்டுவிடக் கூடாது. 977 எண் இதழின் பெயரை மட்டும் சொல்லும், அந்தப் பெயரில் வரும் எல்லா இதழுக்கும் அது ஒன்றே. எந்த இதழ் என்பதைச் சொல்வது அந்தச் சிறு பார்கோடுதான்.

7. எக்செல் விழுங்கும் எண்கள்

செய்ய வேண்டியவை

- ஸ்கேன் செய்யும் முன்பே அந்தப் பத்தியை ‘டெக்ஸ்ட்’ வடிவத்துக்கு மாற்றுங்கள். பொதுவடிவத்தில் விட்டால் 13 இலக்க எண்ணை எக்செல் பெரிய எண்ணாகக் கருதி 8.90123E+12 என்று சுருக்கிக் காட்டும். அமெரிக்க சிடிகளில் முன்னால் வரும் 0 காணாமல் போகும்.
- வாரத்துக்கு ஒருமுறை கோப்பைப் பென் டிரைவிலும் மின்னஞ்சலிலும் படி எடுத்து வையுங்கள்.

செய்யக்கூடாதவை

- எண் சுருங்கித் தெரியும் நிலையில் சிஎஸ்வி கோப்பாகச் சேமிக்கக் கூடாது. திரையில் தெரிகிறபடியே அது சேமிக்கப்படும். கடைசி இலக்கங்கள் திரும்பி வரவே வராது. ஒரு மாத உழைப்பு ஒரு கிளிக்கில் போய்விடும்.

8. எண் சரி, தலைப்பு இல்லை

நோட்பேடில் எண் சரியாக விழுகிறது, மென்பொருள் ‘இல்லை’ என்கிறது. இது தமிழ்ச் சேகரிப்பாளர்களின் அன்றாடத் தொல்லை. ஸ்கேனர் எண்ணை மட்டுமே படிக்கிறது. தலைப்பு வருவது கூகுள் புக்ஸ், ஓப்பன் லைப்ரரி போன்ற தரவுத்தளங்களிலிருந்து. அங்கே தமிழ் நூல்கள் குறைவாகவே ஏறியிருக்கின்றன. ஏறியவற்றிலும் ஒரே ஆசிரியர் பெயர் ஆங்கில எழுத்தில் நாலு விதமாக இருக்கும்.

செய்ய வேண்டியவை

- 978-81 அல்லது 978-93 என்று தொடங்கும் எண்ணுக்குத் தலைப்பு வரவில்லை என்றால், பதிப்பு விவரப் பக்கத்தைப் பார்த்து நீங்களே தமிழில் அடியுங்கள். முடிந்தால் ஓப்பன் லைப்ரரியில் அந்த நூலை நீங்களே சேருங்கள். யாரும் அங்கே சேர்க்கலாம். உங்களுக்குப் பின்னால் வருகிறவருக்கு அந்தத் தொல்லை இருக்காது.
- 10 இலக்க எண் மட்டும் உள்ள நூல்களுக்கு முன்னால் 978 சேர்த்துக் கடைசி இலக்கத்தைப் புதிதாகக் கணக்கிடுங்கள். 2007 ஜனவரி 1 முதல்தான் 13 இலக்கம் கட்டாயமானது. பழைய கடைசி இலக்கம் வேறு கணக்கில் வந்தது, அதை அப்படியே வைத்தால் எண் பொருந்தாது.
- இசைக்கு மியூசிக்பிரெயின்ஸ், டிஸ்காக்ஸ் ஆகிய தளங்களைத் தேடுங்கள். கேசட், இசைத்தட்டுகளின் முதுகில் அச்சிட்ட நிறுவன வரிசை எண்ணைக் கொண்டும் அங்கே தேட முடியும்.

செய்யக்கூடாதவை

- திரையில் வந்த தலைப்பைக் கையிலுள்ள புத்தகத்தோடு ஒப்பிடாமல் ஏற்கக் கூடாது. ஒரே எண்ணை இரண்டு நூல்களுக்கு அச்சிட்ட பதிப்பகங்கள் உண்டு.
- எண் ஒன்றாக இருப்பதால் இரண்டாவது படியை நீக்கிவிடக் கூடாது. ஆசிரியர் கையெழுத்திட்ட படிக்கும் சாதாரணப் படிக்கும் எண் ஒன்றுதான்.

9. பார்கோடே இல்லாதவை

கடைக் கல்லாவில் முதன்முதலில் பார்கோடு படிக்கப்பட்டது 1974 ஜூன் 26 அன்று, அமெரிக்காவின் ஓஹியோ மாநிலத்தில் டிராய் என்னும் ஊரில், ஒரு சூயிங்கம் பொட்டலத்தில். நம் பரணில் இருப்பவற்றில் பாதி அதற்கு முந்தையவை, அல்லது பார்கோடை நினைத்தே பார்க்காதவர்கள் அச்சிட்டவை. இ.மா. கோபாலகிருஷ்ணக் கோனார் புதுமண்டபத்திலிருந்து வெளியிட்ட நூல்களுக்கு ஏது பார்கோடு? பைண்டு செய்த தொடர்கதைக்கும் ஏது?

மதுரையிலிருந்து காரைக்குடிப் பக்கம் போனால் கோட்டையூர் வரும். அங்கே ரோஜா முத்தையா, விளம்பரப் பலகை எழுதும் ஓவியராக இருந்துகொண்டே, சுமார் ஒரு லட்சம் நூல்களையும் இதழ்களையும் துண்டு வெளியீடுகளையும் சேர்த்தார். அவர் 1992இல் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் அந்தச் சேகரிப்பு சென்னைக்கு வந்து, 1994 முதல் அவர் பெயரிலேயே ஆய்வு நூலகமாக இருக்கிறது. மற்றவர்கள் எடைக்குப் போட்ட துண்டு வெளியீட்டையும் அழைப்பிதழையும் அவர் பொருட்படுத்திச் சேர்த்ததால்தான் இன்று அவை ஆய்வாளர் கைக்குக் கிடைக்கின்றன. வீட்டு அட்டவணை போடுகிறவர்கள் மனத்தில் வைக்க வேண்டிய பாடம் அது.

செய்ய வேண்டியவை

- பார்கோடு இல்லாதவற்றுக்குச் சொந்த எண் கொடுங்கள். கோடு 128 வகை எழுத்தும் எண்ணும் கலந்து ஏற்கும். கேசட்டுக்கு ஒரு முன்னெழுத்து, பைண்டுக்கு ஒரு முன்னெழுத்து என்று வைத்துக்கொள்ளலாம். 13 இலக்க வகைதான் வேண்டும் என்றால் 20 முதல் 29 வரையான தொடக்கத்தைப் பயன்படுத்துங்கள். அவை உள்பயன்பாட்டுக்கென ஒதுக்கப்பட்டவை, கடைப் பொருளின் எண்ணோடு மோதாது.
- லேபிளின் இரு பக்கமும் வெற்றிடம் விட்டு அச்சிடுங்கள். நூறு லேபிள் அச்சிடும் முன் ஒன்றை அச்சிட்டு ஸ்கேன் செய்து பாருங்கள்.
- ரிப்பன் வைத்து அச்சிடும் லேபிளை வாங்குங்கள், அல்லது லேசர் பிரிண்டரில் எடுங்கள்.
- அரிய நூலுக்கு லேபிளை ஒட்டாமல், அமிலமில்லாத தாளில் ஒட்டி உள்ளே செருகி வையுங்கள்.

செய்யக்கூடாதவை

- கடை பில் போன்ற தெர்மல் தாளில் லேபிள் எடுக்கக் கூடாது. சூட்டில்தான் அதில் எழுத்து உண்டாகிறது, சூட்டில்தான் அது கெடவும் செய்கிறது. அக்னி நட்சத்திரத்தில் மேல்மாடி அலமாரியில் இருந்த என் முதல் ஐம்பது லேபிள்கள் ஒரு கோடையிலேயே பயனற்றுப் போயின. எல்லாவற்றையும் மறுபடி ஒட்டினேன்.
- சிடி, டிவிடியின் மேலேயே லேபிள் ஒட்டக் கூடாது. எடை ஒருபக்கம் சாய்ந்து, சுழலும்போது நடுங்கும், பசை மேல்பூச்சைக் கெடுக்கும். பெட்டியில் ஒட்டுங்கள்.
- பார்கோடை அச்சில் நெருக்கிச் சுருக்கக் கூடாது. அடிப்படை அளவில் 80 சதவீதத்துக்குக் கீழே போனால் படிக்கும் என்பதற்கு உறுதியில்லை.
- ஸ்கேன் ஆகாத பொருளை ‘பிறகு பார்க்கலாம்’ என்று அட்டவணைக்கு வெளியே வைக்கக் கூடாது. இந்தப் பட்டியலில் எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். அட்டவணையில் இல்லாதது வீடு மாறும்போது முதலில் தொலையும்.

எங்கள் வீட்டில் அப்படி ஒதுக்கி வைத்த அட்டைப்பெட்டியில் ஒரு கேசட் இருந்தது. மதுரை வானொலியில் சித்திரைத் திருவிழா நேர்முக வர்ணனையை அப்பா பதிவு செய்தது. முதுகில் பேனாவால் ‘ஆத்துல எறங்குனது’ என்று மட்டும் எழுதியிருந்தார். ஆண்டு இல்லை, எண் இல்லை. அந்தக் கேசட்டைப் போட்டுக் கேட்டு, அப்பாவோடு வானொலி கேட்ட அத்தையிடம் ஆண்டை விசாரித்து, லேபிள் அச்சிட்டு ஒட்டினேன். கேசட் வரிசையில் 0001 அதன் எண். இப்போது அதை ஸ்கேன் செய்தால் பீப் சத்தம் வருகிறது. திரையில் அப்பா எழுதியபடியே தலைப்பு வருகிறது.